‘ஸாரி சொல்லு, கை குடு’: அதற்கு அப்புறம் என்ன செய்கிறீர்கள்?

சாக்பீஸ்
வகுப்பில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் பதினைந்து வருடமாக நான் செய்துவந்தது ஒன்றுதான். இருவரையும் முன்னால் கூப்பிடுவேன். யார் முதலில் கை வைத்தது என்று கேட்பேன். இருவரும் எதிரில் நிற்பவனைக் காட்டுவார்கள். “ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை” என்று சொல்லி, இருவரையும் ஸாரி சொல்ல வைத்து, கை குலுக்க வைத்துப் பாடத்துக்குத் திரும்பிவிடுவேன். இரண்டு நிமிட வேலை.

போன மாதம் 7-ஆம் வகுப்பில் அதே கதை. நான்கு பேர் குழுவாக அட்டையில் நீர்ச்சக்கரம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் ஒட்டிய துடுப்புகளை இன்னொருவன் பிய்த்துப் போட்டுவிட்டான். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கம்போலக் கை குலுக்கச் சொன்னேன். குலுக்கினார்கள். குலுக்கிய வேகத்தில் ஒருவனுக்கு விரல்கள் சிவந்துபோயின. அதைப் பார்த்தும் நான் பாடத்தைத் தொடர்ந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. மறுநாள் இடைவேளையில் ஒருவன் மூக்கில் ரத்தத்தோடு வந்து நின்றான்.

அப்புறம்தான் உட்கார வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை ஒரு விதி போட்டேன்: ஒருவன் பேசி முடித்ததும், அடுத்தவன் தன் பக்கத்தைச் சொல்வதற்கு முன்னால் இவன் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று இவன் ஒத்துக்கொண்டால்தான் அவனுக்கு முறை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950-களின் தொடக்கத்திலேயே பெரியவர்களுக்குச் சொன்னது.

முதல் முயற்சி: “நான் முட்டாள்னு சொல்றான் சார்.” பிய்த்தவன் அப்படிச் சொல்லவே இல்லை. துடுப்புகள் சாய்வாக ஒட்டியிருக்கின்றன, சக்கரம் சுற்றாது, மூன்று தடவை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை என்றுதான் சொன்னான். நான்காவது முயற்சியில்தான் அது சரியாக வந்தது. அடுத்து மற்றவன் முறை. “எல்லாக் குழுவிலயும் எனக்குப் புடிச்சிக்கிட்டு நிக்கிற வேலைதான் சார். இந்தத் தடவைதான் ஒட்டுற வேலை கெடச்சுது.” இதை எதிரில் இருந்தவன் ஒரே முயற்சியில் திருப்பிச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தைந்து நிமிடம் ஆனது. இரண்டு நிமிடத்தில் முடித்த பழைய பஞ்சாயத்துகளில் எத்தனை இப்படி உள்ளுக்குள் கிடந்ததோ. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மழலைப் பிரிவு
சார், என்னுடையது 2-ஆம் வகுப்பு. சின்னவர்களுக்குத் திருப்பிச் சொல்வது கஷ்டம். அதனால் “நீ”யில் ஆரம்பிக்காமல் “எனக்கு”வில் ஆரம்பிக்கப் பழக்குகிறேன். தாமஸ் கார்டன் என்ற உளவியலாளர் பெற்றோர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்த தாளில் “நான் வருத்தமாக உணர்கிறேன்” என்று போட்டிருந்தது. வகுப்பில் அதைச் சொல்ல வைத்தேன். பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். எந்தக் குழந்தை அப்படிப் பேசும்? தாளை மூடி வைத்துவிட்டு “எனக்குக் கஷ்டமா இருந்துச்சு”, “எனக்குக் கோவம் வந்துச்சு” என்று மாற்றினேன். உடனே பிடித்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் நம் தமிழிலேயே கோபம் ‘வருகிறது’, அழுகையும் ‘வருகிறது’. யாரையும் குற்றம் சொல்லாமல் மனதில் உள்ளதைச் சொல்ல இதைவிட வசதி என்ன வேண்டும்!

இதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள் என்பது வேறு விஷயம். “எனக்கு நீ ஒரு லூசுன்னு தோணுது டீச்சர், ‘எனக்கு’ன்னுதான ஆரம்பிச்சேன்?” என்றது ஒன்று. சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விசில்
நான் விளையாட்டு ஆசிரியர். எனக்குப் பேச்சு வார்த்தைக்கெல்லாம் நேரம் கிடையாது. ஆனால் ஒன்று. அல்டிமேட் என்று தட்டு எறியும் விளையாட்டு இருக்கிறது. அதில் ஃபவுலை ஆடுகிறவர்களே சொல்லி, அவர்களே பேசித் தீர்க்க வேண்டும். ஒத்துவரவில்லையா, தட்டு எறிந்தவன் கைக்கே திரும்பிப் போகும், மறுபடி ஆட்டம். இந்த விதியைக் கால்பந்துக்கும் கொண்டுவந்தேன். முதல் வாரம் ஆட்டமே நடக்கவில்லை, கத்தல்தான். மூன்றாவது வாரத்தில் “என் கால்லதான் பட்டுச்சு, நீங்களே எடுத்துக்கோங்க” என்று ஒருவன் சொன்னான். தோற்றுக்கொண்டிருந்த அணிக்காரன் அவன்.

கேட்கும் காது
எல்லாம் சரி, ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் மாணவர்களுக்கு ஆலோசகர். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பிள்ளைகளின் சண்டையைப் பிள்ளைகளே பேசித் தீர்க்க மாணவ நடுவர்களைப் பழக்கியிருந்தோம். நல்ல திட்டம்தான், நன்றாகவே ஓடியது. ஒரு நாள் 8-ஆம் வகுப்புப் பெண்கள் இருவரை அதே மேஜைக்கு அனுப்பினார்கள். பத்தே நிமிடத்தில் சமாதானம். தாளில் இருவர் கையெழுத்தும் இருந்தது. “என் மேலயும் தப்பு இருக்கு” என்று அதில் ஒருத்தி எழுதியிருந்தாள்.

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. மூன்று மாதமாக மற்றவள் அவளை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தாள். பையை ஒளிப்பது, பட்டப்பெயர் வைப்பது, யாரையும் இவளோடு பேசவிடாமல் செய்வது. நடுவராக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய நானும் விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன். அந்தத் தாளை நாங்கள் சுவரில் வேறு ஒட்டி வைத்திருந்தோம்.

ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970-களிலிருந்து பள்ளிகளில் நடக்கும் இந்தத் துன்புறுத்தலை ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது என்ற மூன்றையும் வைத்துத்தான் அவர் துன்புறுத்தலை வரையறுத்தார். சாக்பீஸ் சாரின் பையன்கள் சமபலம். இருவருக்கும் கோபம் இருந்தது. என் மேஜையில் ஒருத்திக்குத் திமிர், ஒருத்திக்குப் பயம். அங்கே “இரண்டு பக்கமும் கேட்போம்” என்பது நியாயம்போலத் தெரியும் அநியாயம். இப்போதெல்லாம் தனித்தனியாகப் பேசாமல் யாரையும் சேர்த்து உட்கார வைப்பதில்லை. “அவ வந்தா நீ எங்க பாப்ப?” என்று கேட்பேன். சண்டை போட்ட பிள்ளை முறைத்துக் காட்டும். பயந்த பிள்ளை கதவைப் பார்க்கும்.

ஓய்வு பெற்ற மணி
முன்னாள் தலைமை ஆசிரியன். ஆய்வகச் சாவிக்காக நானும் ஒரு சக ஆசிரியரும் வராந்தாவில் நின்று கத்தினோம். ஜன்னலில் அறுபது கண்கள். மறுநாள் அதே வகுப்பில் அதே பிள்ளைகள் முன்னால் அவரிடம், “நேத்து நான் கத்தினது தப்பு சார். ஆனா சாவி விஷயத்துல என் கருத்து மாறல, சாயங்காலம் பேசுவோம்” என்றேன். மன்னிப்புக் கேட்டால் தோற்றுப்போனதாக அர்த்தமில்லை என்று அதுவரை பத்துத் தடவை பாடம் நடத்தியிருந்தேன், ஒருத்தன் நம்பியதில்லை.

சாக்பீஸ்
கேட்கும் காது மேடம், கதவு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். என் பழைய வகுப்புகளில் கதவைப் பார்த்த பிள்ளைகளையும் கை குலுக்க வைத்திருப்பேன். நினைத்தாலே என்னவோபோல் இருக்கிறது.

நீர்ச்சக்கரம் சுற்றியது. ஒருவன் பென்சிலால் கோணம் குறித்தான், இன்னொருவன் ஒட்டினான். நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், இன்னும் தனித்தனி பெஞ்ச்தான்.

நேற்று வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஒட்டியவனைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன். காரணம் ஏதோ சொன்னான், நான் பாதியில் வெட்டினேன். மெதுவாகக் கேட்டான்: “சார், நான் என்ன சொன்னேன்னு ஒரு தடவை திருப்பிச் சொல்றீங்களா?”

சொன்னேன். தப்பு என்று தலையாட்டினான். மறுபடி கேட்டுச் சொன்னேன். ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.