கிரீமர் கலந்த காபிப் பொட்டலத்தில் எண்ணெய் வாடை, நாக்கில் மெழுகுப் படலம்: குறைக்க வழியுண்டா?

ராயபுரத்தான்:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கண்டெய்னர் யார்டு ஒன்றில் இரவுப்பணியில் இருக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் அக்கம்பக்கத்து டீக்கடைகள் மூடிவிடும். எங்கள் அறையில் மின்கெட்டில் ஒன்றைத் தவிர வேறு வசதி கிடையாது. ஃபிரிட்ஜ் இல்லாததால் பால் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே காபித்தூள், சர்க்கரை, பாலுக்குப் பதிலாகப் போடும் கிரீமர் தூள் மூன்றும் ஒன்றாகக் கலந்த பொட்டலங்களைத்தான் ஓராண்டாக நம்பியிருக்கிறேன். முதலில் பர்மா பஜாரில் வாங்கினேன். இப்போது மலேசியாவின் ஈப்போ நகரில் வேலை பார்க்கும் மைத்துனர் வரும்போதெல்லாம் ஒரு பெரிய பை நிறையக் கொண்டுவந்து தருகிறார்.

குடிக்கத் தொடங்கும்போது குறையொன்றும் தெரிவதில்லை. பாதிக் கோப்பைக்கு வரும்போது மேலே சிறுசிறு எண்ணெய்க் கண்கள் மிதக்கின்றன. சில நாள் வெள்ளைத் துணுக்குகளும் திரிகின்றன. குடித்து முடித்தபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு அரைமணி நேரமாவது போக மாட்டேன் என்கிறது. பையைப் பிரித்து இரண்டு வாரம் ஆனபின் இலேசாகச் சோப்பு வாடையும் வருகிறது. பகலில் சில நேரம் ஓட்ஸ் பானத்தில் செய்த, சூரியகாந்தி எண்ணெய் சேர்த்த புட்டிக் காபியும் வாங்குகிறேன். அதன் கழுத்தில் வளையம்போல் ஏதோ படிந்திருக்கிறது.

"இதைக் குடிக்காதே" என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். குடித்தே ஆகவேண்டிய நிலையில் சுவையை எப்படித் தேற்றுவது என்பதே என் கேள்வி.

தரப்பரிசோதகர்:

தம்பி, உணவுத் தூள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பாலின் கொழுப்பு செய்யும் வேலையைச் செய்யவே அந்த எண்ணெயைச் சேர்க்கிறார்கள். எண்ணெய்ப் பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுத்த எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தி, குளுக்கோஸ் பாகோடும் சோடியம் கேசினேட்டோடும் சேர்த்துக் கடைந்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் கிரீமர் கிடைக்கிறது. சோடியம் கேசினேட் பாலிலிருந்து வருவது. ஆகவே "பால் அல்லாத கிரீமர்" என்று அச்சிட்டிருந்தாலும் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை நம்பிக் குடிக்கக் கூடாது. இவற்றோடு எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்க 471 என்ற எண்ணுள்ள பொருளும், காபியின் புளிப்பில் புரதம் திரியாமலிருக்க 340 என்ற பாஸ்பேட் உப்பும், தூள் கட்டிதட்டாமலிருக்க 551 என்ற சிலிக்காவும் இருக்கும். உங்கள் பையின் பின்புறத்தைப் பார்த்தால் இந்த எண்களில் சிலவாவது தென்படும்.

ஈப்போவின் 'வெள்ளைக் காபி' வகையென்றால் எண்ணெய் இரண்டாவது வழியிலும் வருகிறது. அங்கே காபிக்கொட்டையைப் பாமாயில் மார்ஜரினோடு வறுப்பது வழக்கம். பச்சை வாடையில்லாத, வெண்ணெய் மணம் கொண்ட அந்தச் சுவைக்கு அதுவே காரணம். அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் மெழுகுப் படலத்துக்கு வருவோம். ஹைட்ரஜன் ஏற்றிய இந்தக் கொழுப்பு, கெட்டிப்படுத்திய அளவைப் பொறுத்து 35 முதல் 40 டிகிரிக்குள் உருகக்கூடியது. நம் வாயின் சூடும் ஏறத்தாழ அதே அளவுதான். காபி சூடாக இருக்கும்வரை கொழுப்பு உருகிய நிலையில் தொண்டைக்குள் இறங்கிவிடும்; ஆறத் தொடங்கியதும் இறுகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏசி அறையில் பெரிய கோப்பையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உறிஞ்சினால் கடைசிப் பாதி இப்படித்தான் இருக்கும். சிறிய டம்ளரில் இரண்டு தடவையாகக் கலந்து, சூடு இறங்குமுன் குடித்துவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

வெள்ளைத் துணுக்குகள் வேறு சங்கதி. புரதம் திரிவதால் வருபவை அவை. கொதிநீரை நேரே தூளின்மேல் ஊற்றுவதும், தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இருப்பதும் அதற்குக் காரணங்கள். கடின நீரின் கால்சியம் அந்தப் பாஸ்பேட் உப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் புரதத்துக்குக் காவல் இல்லாமல் போகிறது. உங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

ராயபுரத்தான்:

ஐயா, நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். அடித்தட்டு முழுவதும் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. யார்டில் போர்வெல் தண்ணீர்தான். குடிக்கக் கேன் தண்ணீர் தனியாக வாங்குகிறோம். காய்ச்சித்தானே ஊற்றுகிறோம் என்று காபிக்கு மட்டும் போர்வெல் குழாயையே திறந்துகொண்டிருந்தேன். பொட்டலத்தில் 150 மில்லி என்று போட்டிருப்பதையும் நேற்றுதான் கவனித்தேன். என் கோப்பை 250 மில்லி பிடிக்கும், அதைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டிருந்தேன்.

தரப்பரிசோதகர்:

கேட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது. காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு போகாது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பழைய கதை. காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்க நேர்ந்த ஊர்ப் பக்கம் நம்முடையது. கரையோரப் போர்வெல் நீரில் காபி கலந்தால் ஈப்போ என்ன, கும்பகோணமே வந்தாலும் எடுபடாது. கெட்டிலில் எலுமிச்சைச் சாறு கலந்த நீரை ஒருமுறை கொதிக்கவைத்து அரைமணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். இனிக் கேன் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

கெட்டில் அணைந்தபின் மூடியைத் திறந்து மூன்று நிமிடம் விடுங்கள். டம்ளரில் ஊற்றும்போது இன்னும் சில டிகிரி இறங்கி 85-ஐ ஒட்டி வரும். முதலில் தூளில் இரண்டு கரண்டி வெந்நீர் மட்டும் விட்டுக் கூழ்போல் குழைத்து, பிறகு மிச்ச நீரை ஊற்றுங்கள். கலந்த காபியைத் திரும்பவும் கெட்டிலில் விட்டுச் சூடாக்க வேண்டாம். கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும், பிறகு எவ்வளவு ஆற்றினாலும் உள்ளே போகாது.

சோப்பு வாடையைக் கலக்கும் முறையால் சரிசெய்ய முடியாது. தேங்காயெண்ணெயும் பனம்பருப்பெண்ணெயும் லாரிக் அமிலக் கொழுப்பு மிகுந்தவை. அவற்றில் ஈரம் பட்டால் அந்த அமிலம் தனியாகப் பிரிந்துவிடும். சோப்பு வாடை அதனுடையது. கடற்காற்று வீசும் இடத்தில் பையை ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் இரண்டு வாரத்தில் அப்படித்தான் ஆகும். பையைத் திறந்த அன்றே முழுவதையும் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்புத் தூள் அக்கம்பக்கத்து வாடையை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் டீசல் டின் பக்கத்திலோ, சாப்பாட்டுப் பையில் கருவாட்டுக் குழம்போடோ வைக்க வேண்டாம். வாடை ஏறிவிட்ட தூளை ஏலக்காய் போட்டு மறைக்கப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் சுவைக்கு அப்பாற்பட்டது. பொருள் பட்டியலில் "பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய" என்ற சொல் இருந்தால் அந்தப் பையை வாங்காதீர்கள். இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு வருவது பெரும்பாலும் அதன் வழியேதான். இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெட்டியில் வைத்து உறவினர் கொண்டுவரும் பொருளுக்கு நீங்கள்தான் அதிகாரி.

வண்ணை வடிகட்டி:

ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எண்ணெயைச் சமாளித்துவிட்டதாலேயே அது காபியாகிவிடாதே! பழைய வண்ணாரப்பேட்டையில் காபித்தூள் அரைத்து விற்கும் கடையில் பதினெட்டு வருடமாக நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பொட்டலங்களில் பெரும்பாலானவற்றில் பட்டியலின் முதல் இரண்டு பெயர்கள் சர்க்கரையும் கிரீமரும், காபி அதற்கும் பின்னால்தான். எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. அப்படியிருக்க, நாக்குக்கு இனிப்பும் கொழுப்பும் முன்னால் தெரிவதில் வியப்பில்லை. கசப்பு போதாமல்தான் எண்ணெய் துருத்திக்கொண்டு நிற்கிறது.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஃபில்டரில் 30 கிராம் தூள் போட்டு, இலேசாக அழுத்தி, 120 மில்லி கொதிநீர் விட்டுவிடுங்கள் தம்பி. நீங்கள் குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் டிகாக்ஷன் இறங்கியிருக்கும். அதைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி எடுத்துப்போனால் ஓர் இரவு தாங்கும். பொட்டலத்துக்கு 120 மில்லி வெந்நீரும் 25 மில்லி டிகாக்ஷனும் போதும். தூள் வாங்கும்போது பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை வகைகளையும் கலந்து, காபி 80-க்குச் சிக்கரி 20 என்று கேளுங்கள். வெறும் காபியாக, அதுவும் குறைவாக வறுத்ததாக இருந்தால் புளிப்பு கூடிக் கிரீமர் திரிய வாய்ப்புண்டு. சிக்கரி கொழகொழப்பும் கசப்பும் தந்து அந்தக் கொழுப்புக்கு ஈடுகொடுக்கும். சட்டப்படி சிக்கரி 49 விழுக்காடு வரை போடலாம் என்றாலும் 30-ஐத் தாண்டினால் என் கணக்கில் அது கஷாயம்.

கலந்ததும் டம்ளருக்கும் டவராவுக்கும் நாலு முறை உயர்த்தி ஆற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம்; சூடு போனால் ஐயா சொன்ன மெழுகு திரும்பிவிடும். இனிப்பு திகட்டினால் ஒரு சிட்டிகையில் பாதி சுக்குத்தூள் போடலாம். ஆப்பச்சோடா போட்டால் புளிப்பு போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சோப்பு வாடையை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம் அது.

எண்ணூர்க் காற்று:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. டிகாக்ஷன் எடுத்துப்போகிற அளவுக்குப் பொறுமை இருக்கிறவர் கிரீமரையே ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்? முழுக்கொழுப்புப் பால்தூளும் ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும் பொருள்தானே. அதில் 26 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும் கொழுப்பு முழுவதும் பாலுடையது, வாய்ச்சூட்டிலேயே ஏறக்குறைய உருகிவிடும், அண்ணத்தில் ஒட்டாது. 15 கிராம் பால்தூளை முதலில் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சூடான நீரும் டிகாக்ஷனும் சேர்த்தால் போதும். அனல்மின் நிலைய வேலையில் மூன்று வருடம் இப்படித்தான் ஓட்டினேன். மைத்துனரின் மனம் நோகக் கூடாதென்றால் பாதிப் பொட்டலமும் ஒரு கரண்டிப் பால்தூளுமாகக் கலந்துபாருங்கள், இனிப்பும் அளவுக்கு வரும்.

புட்டிக் காபியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கழுத்தில் படியும் வளையம் பெரும்பாலும் மேலே ஏறிய கொழுப்புத்தான். புட்டி உப்பியிருந்தாலோ திறந்ததும் புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் பதினைந்து இருபது தடவை நன்றாகக் குலுக்கினால் கலந்துவிடும். சூரியகாந்தி எண்ணெய் குளிரிலும் உறையாது என்பதால் அங்கே மெழுகுத் தொல்லை இல்லை. வெதுவெதுப்பாகக் குடிக்கும்போதுதான் எண்ணெய் தெரியும், ஆகவே நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்து உருகினால் பிரிந்துபோகும். வீட்டில் மீந்த டிகாக்ஷனை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, அதில் இரண்டை அந்தக் காபியில் போட்டுப்பாருங்கள். தண்ணீர் ஐஸ்போல் நீர்த்துப்போகாமல், கரையக் கரையக் காபியின் திடம் ஏறும்.

ராயபுரத்தான்:

மூவருக்கும் நன்றி. ஐந்து இரவுகள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கேன் தண்ணீருக்கு மாறிய முதல் இரவே வெள்ளைத் துணுக்குகள் நின்றுவிட்டன. இரண்டாம் இரவு 150 மில்லி அளவு வைத்தேன். காபி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்தது. அக்கா சொன்ன டிகாக்ஷனைச் சேர்த்த மூன்றாம் இரவுதான் எண்ணெய் உண்மையிலேயே பின்வாங்கியது. டவரா இல்லாததால் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஆற்றினேன், கொஞ்சம் லெட்ஜரிலும் சிந்தியது. மூன்று மணிக்கு ஒரு லாரி வந்து காபியைப் பாதியில் விட்டுப்போய்த் திரும்பியபோது மேலே அதே மினுமினுப்பு. அதைக் குடிக்காமல் ஊற்றிவிட்டேன்.

பால்தூளும் பாதிப் பொட்டலமும் கலந்தது நேற்று. அதில் படலம் ஏறக்குறைய இல்லை, ஆனால் ஈப்போக் காபிக்கே உரிய அந்த வெண்ணெய் மணமும் பாதியாகிவிட்டது. எனக்கு அந்த மணம் பிடிக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது. ஆகவே முழுப் பொட்டலமும் டிகாக்ஷனும், சின்ன டம்ளரில், இரவுக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொண்டேன். பழைய பையில் மிச்சமிருந்த தூளைக் கொட்டிவிட்டேன். புதியது டப்பாவில் இருக்கிறது, சாப்பாட்டுப் பை அறையின் மறுகோடியில்.