ஏர் ஃபிரையரில் பீன்ஸ் மொறுமொறுப்பாக வரமாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

உறையூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது, எண்ணெயில் பொரித்ததைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆனால் அம்மாவுக்குத் தயிர்சாதம் என்றால் பக்கத்தில் ஏதாவது மொறுமொறுவென்று வேண்டும், வத்தல் அப்பளம் இல்லாமல் சாப்பாடே இறங்காது. அதற்காகவே தீபாவளித் தள்ளுபடியில் 4 லிட்டர் ஏர் ஃபிரையர் வாங்கினேன், 1500 வாட்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கைப்பிடி பீன்ஸ் போட்டுப் பார்த்தேன், அருமையாக வந்தது. அந்த தைரியத்தில் மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து ராத்திரிக்கு அரைக் கிலோ போட்டேன். கழுவி, காம்பு கிள்ளி, உப்பு, மிளகாய்த்தூள், 2 ஸ்பூன் எண்ணெய் பிசறி, 180 டிகிரியில் 15 நிமிடம். வெளியே சுருங்கி, உள்ளே ரப்பர் மாதிரி, நுனி மட்டும் கரி. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு "இதை மாட்டுக்கு வைக்கலாம்டா" என்று தட்டை நகர்த்திவிட்டார். அதற்கப்புறம் 4 தடவை செய்துவிட்டேன், நேரத்தைக் கூட்டினால் கருகுகிறது, குறைத்தால் நமத்துப்போய் இருக்கிறது. மிஷினில் கோளாறா, என் கையில் கோளாறா?

வெட்டிப்பேச்சு:
கடாயில் 2 கரண்டி எண்ணெய் ஊற்றி வறுத்தால் 10 நிமிடத்தில் முடிந்தது. இதற்கு ஒரு மிஷின், அதற்கு ஒரு பஞ்சாயத்து.

அடுப்பங்கரை அக்கா:
மேலே சொன்னவரை விடுங்கள் தம்பி. மிஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் பீன்ஸைப் பாருங்கள். பீன்ஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். அந்த ஈரம் மேல்தோலில் இருக்கிறவரை அது 100 டிகிரியைத் தாண்டாது, நீங்கள் 200 வைத்தாலும் சரி. தோல் சிவந்து மொறுமொறுப்பாவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். அதாவது, முதலில் தண்ணீர் போகவேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நீங்கள் கழுவிய ஈரத்தோடு போட்டிருக்கிறீர்கள், அது முதல் தப்பு. உப்பைப் பிசறி வைத்தது அடுத்தது. எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள்? உப்புப் பட்ட காய் கால் மணி நேரத்தில் தண்ணீர் விடும், கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள், அடியில் ஓடும். மூன்றாவதுதான் பெரியது, அரைக் கிலோ. 4 லிட்டர் கூடையில் அரைக் கிலோ போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும். ஏர் ஃபிரையர் என்பது என்ன, சூடான காற்றை விசிறி வைத்து அடிக்கிற குட்டி ஓவன், அவ்வளவுதான். காற்று உள்ளே நுழைய இடம் இல்லையென்றால் கீழே இருக்கிற பீன்ஸ் ஆவியில் வேகும், மேலே துருத்திக்கொண்டிருக்கிற நுனி மட்டும் கருகும். நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே பொருந்துகிறது.

150, மிஞ்சிப் போனால் 200 கிராம் போடுங்கள். கழுவி வடிதட்டில் கொட்டி, அப்புறம் பழைய வேட்டித் துணியில் பரப்பி உருட்டித் துடைத்து, ஃபேனுக்குக் கீழே 20 நிமிடம். எண்ணெய் 1 ஸ்பூன் போதும், ஆனால் ஒவ்வொரு காயிலும் பளபளவென்று படவேண்டும். மிஷினை 3 நிமிடம் வெறுமனே ஓடவிட்டுச் சூடானதும் போடுங்கள். 200 டிகிரி, 9 அல்லது 10 நிமிடம், நடுவில் 2 தடவை கூடையைக் குலுக்குங்கள். உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வெளியே எடுத்த பிறகு. வெறும் மிளகாய்த்தூளை முதலிலேயே போட்டால் பாதி காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டும், மீதி கருகிக் கசக்கும்.

ஷார்ஜா சமையல்:
எனக்கு ஃப்ரோசன் பீன்ஸிலும் இதே பிரச்சினை இருந்தது. வெளியே எடுத்து உருகவைத்துப் போட்டால் சொதசொதவென்று ஆகிவிடும், உறைந்தபோது உள்ளே ஐஸ் குத்திக் காயைக் கிழித்திருக்கும், உருகியதும் தண்ணீர் முழுக்க வெளியே வரும். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கூடைக்குப் போடுவதுதான் நல்லது, 3 நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஆனாலும் பச்சைக் காயில் வருகிற மாதிரி வராது, அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

இன்னொரு யோசனை, முதலில் உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுத்தால் சீக்கிரம் வேகுமே?

அடுப்பங்கரை அக்கா:
வேகும், மொறுமொறுப்பு போய்விடும். துடைத்த ஈரத்தைத் திரும்ப உள்ளே ஏற்றுகிற வேலை அது. பொரியலுக்குச் செய்யுங்கள், இதற்கு வேண்டாம்.

தம்பி, காயையும் கொஞ்சம் கவனியுங்கள். கையில் எடுத்து ஒடித்தால் டப்பென்று ஒடியவேண்டும். வளைந்து கொடுத்தால் வாடியது, ஓரத்தில் நார் உரிந்தால் முற்றல். முற்றலை எந்த மிஷினில் போட்டாலும் அம்மா சொன்னதுதான் நடக்கும்.

உறையூர்க்காரன்:
அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்றும் இன்றும் செய்தேன். காந்தி மார்க்கெட்டில் ஒடித்துப் பார்த்தே வாங்கினேன், கடைக்காரர் முறைத்தார். சனிக்கிழமை மதியம் 200 கிராம் போட்டேன், 10 நிமிடம், தோலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக, அங்கங்கே சிவந்து, கடித்தால் நறுக்கென்று இருந்தது. அம்மா எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார், அதுவே பெரிய பாராட்டு.

ஆனால் இன்று ராத்திரி 8 மணிக்கு அதே காய், அதே அளவு, அதே துணி, அதே 200 டிகிரி, அதே 10 நிமிடம். மறுபடியும் நமத்துப்போனது. சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்தேன், அம்மாவுக்கு முன்னாலேயே செய்து காட்டலாம் என்று. மானம் போனது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஃபியூஸ் கம்பி:
சமையல் எனக்குத் தெரியாது, வயரிங் தெரியும், அதனால் கேட்கிறேன். மதியம் எந்த பிளக்கில் போட்டீர்கள், ராத்திரி எந்த பிளக்கில் போட்டீர்கள்? மேஜைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தீர்களா? ராத்திரி மிஷின் ஓடும்போது டியூப்லைட், ஃபேன் மந்தமாகிறதா? வீட்டில் ஏசி ஸ்டெபிலைசர் இருந்தால் அதில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், மதியம் ஒரு தடவை, ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை.

உறையூர்க்காரன்:
அண்ணா, நீங்கள் என்ன ஜோசியரா. மதியம் சமையலறையில் கிரைண்டர் பிளக்கில் போட்டேன், ராத்திரி ஆமாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். ஸ்டெபிலைசரில் மதியம் 228. ராத்திரி 8 மணிக்கு 185, நடுவில் 182 கூடக் காட்டியது. ஃபேன் மெதுவாகத்தான் சுற்றுகிறது, ஆனால் எங்கள் தெருவில் ராத்திரியில் எப்போதும் அப்படித்தான் என்பதால் கவனித்ததே இல்லை.

ஃபியூஸ் கம்பி:
அப்போது விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1500 வாட் என்பது 230 வோல்ட்டுக்குச் சொன்ன கணக்கு. வோல்ட் குறைந்தால் ஹீட்டரின் சூடு அதே அளவு குறையாது, அதைவிட அதிகமாகக் குறையும், ஏனென்றால் வோல்ட் குறையக் குறைய கரண்டும் சேர்ந்து குறைகிறது. 185 வோல்ட்டில் உங்கள் மிஷின் 970 வாட்டுக்குப் பக்கத்தில்தான் வேலை செய்யும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது, திரையில் மட்டும் 200 என்று ஜம்மென்று காட்டும்.

வெறும் கூடையாக இருந்தால் கொஞ்சம் தாமதமாகவாவது 200 எட்டிவிடும். ஈரக்காய் உள்ளே போனால் அதன் தண்ணீரை ஆவியாக்குவதற்கே இருக்கிற சூடெல்லாம் செலவாகும், மறுபடி ஏறுவதற்குள் உங்கள் 10 நிமிடம் முடிந்துவிடும். அதனால்தான் அதே பீன்ஸ் மதியம் பாஸ், ராத்திரி ஃபெயில்.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இன்றோடு நிறுத்துங்கள், பீன்ஸுக்காகச் சொல்லவில்லை. 1500 வாட் என்றால் நல்ல வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், சாதாரண சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. மெல்லிய வயர் பாக்ஸில் தொடர்ந்து ஓட்டினால் பிளக் சூடாகி உருகும். ஓடி முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

உறையூர்க்காரன்:
இப்போது போய்ப் பார்த்தேன். ஒரு ஓட்டையைச் சுற்றி லேசாகப் பழுப்பாக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஃபியூஸ் கம்பி:
நல்ல வேலை செய்தீர்கள். கிரைண்டர் பிளக் 16 ஆம்பியர் பெரிய பிளக்தானே, அதிலேயே போடுங்கள். ராத்திரிதான் செய்யவேண்டும் என்றால் 3 நிமிடத்துக்குப் பதிலாக 6 நிமிடம் சூடேற்றுங்கள், காயை 150 கிராமாகக் குறையுங்கள், 4 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏசி ஸ்டெபிலைசரில் இதை மாட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள், வேண்டாம். தெரு முழுக்க இப்படியா, உங்கள் வீட்டு வயரிங் மட்டுமா என்பதை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பக்கத்து வீட்டில் 220 காட்டினால் கோளாறு உங்கள் வீட்டில்.

அடுப்பங்கரை அக்கா:
நான் 3 பத்தி எழுதினேன், அவர் ஸ்டெபிலைசரைப் பார்க்கச் சொல்லி முடித்துவிட்டார். சரி, ஒன்று சொல்லிவிடுகிறேன் தம்பி. வெறும் எண்ணெய் தடவிய பீன்ஸ் நறுக்கென்று இருக்கும், அப்பளம் மாதிரி நொறுங்காது. அம்மா கேட்பது நொறுங்குகிற ரகம் என்றால் மாவு வேண்டும். 200 கிராம் துடைத்த பீன்ஸில் 1 ஸ்பூன் எண்ணெய் பிசறி, பெரிய ஸ்பூனால் அரிசிமாவு 1, கடலைமாவு 1, சின்ன ஸ்பூனால் கார்ன்ஃபிளார் 1, மிளகாய்த்தூள் அரை, பெருங்காயம், உப்பு. இதில் மிளகாய்த்தூள் மாவோடு ஒட்டிக்கொள்வதால் பறக்காது. விரலால் தண்ணீர் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். மாவு காயோடு ஒட்டினால் போதும், பஜ்ஜி மாவு மாதிரி வழிந்தால் கூடை ஓட்டையில் ஒழுகி அடியில் தோசை ஆகிவிடும். 190 டிகிரி, 12 நிமிடம், பாதியில் திறந்து வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் மட்டும் எண்ணெயைத் தொட்டு வையுங்கள். அந்த வெள்ளை, எண்ணெய் படாத பச்சை மாவு, அப்படியே விட்டால் எத்தனை நிமிடமானாலும் வெள்ளையாகவே இருக்கும்.

உறையூர்க்காரன்:
நேற்று சாயங்காலம் 5 மணிக்கே, வோல்ட் 219 இருக்கும்போது, பெரிய பிளக்கில், மாவு போட்டுச் செய்தேன். குலுக்கும்போதே சலசலவென்று சத்தம் வந்தது, இத்தனை நாளில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. அம்மா தயிர்சாதத்தோடு முக்கால்வாசியை முடித்துவிட்டு, "பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். மீதியை அப்பாவுக்காக எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன், 9 மணிக்கு அவர் திறந்தபோது மெத்தென்று இருந்தது.

அடுப்பங்கரை அக்கா:
சூட்டோடு மூடினால் அதன் ஆவி அதன்மேலேயே இறங்கும். தட்டில் பரப்பி மூடாமல் வையுங்கள், சாப்பிடும் முன் 180 டிகிரியில் 3 நிமிடம். அப்பா 9 மணிக்குத்தான் சாப்பிடுவார் என்றால் 5 நிமிடம், உங்கள் தெரு கரண்டை நினைத்துச் சொல்கிறேன்.