லானார்க்‌ஷயர் யோமன்ரி: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி

கம்பார்க்காரன்:
இரண்டாம் உலகப்போரில் மலாயாவில் ஜப்பானியரோட மோதின ஸ்காட்லாந்துப் படை இது, இவங்க கதையில் மனசை விட்டுப் போகாத காட்சி எதுன்னா எனக்கு கம்பார். முன்னாடி மலாயா வடக்கில் ஜித்ராவில் தோத்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நேரா கம்பார் மலைச் சண்டைக்கு வர்றேன். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை. இந்தக் குதிரைப்படை ஆட்கள் கையில் 4.5 அங்குல ஹோவிட்சர், குண்டை வளைச்சு மேலே வீசுற பீரங்கி. குண்டு ஒண்ணு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. பித்தளைக் கூட்டுக்குள்ள குண்டைத் தள்ளுற வெடிமருந்துப் பொட்டலங்கள் இருக்கும். தூரத்தைப் பார்த்து வேண்டாததை எடுத்துட்டுத்தான் சுடணும். ஒரு பொட்டலம் எடுக்க மறந்தா குண்டு எதிரியைத் தாண்டிப் போயிடும். ஒண்ணு கூடுதலா எடுத்துட்டா முகட்டில் நிக்கிற சொந்தக் காலாட்படை தலையில் விழும். முகட்டில் கைகலப்பு நடக்குது, கீழே ஒருத்தன் பொட்டலம் எண்ணிட்டிருக்கான். அந்தக் கைதான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

சுரங்கவாசல்:
குதிரையா? 1940லேயே குதிரையைப் பிடுங்கிட்டு பீரங்கி கொடுத்தாச்சு. மலாயாவில் அவங்க 155ஆவது பீல்ட் ரெஜிமென்ட், அதாவது பீரங்கிப் படைப்பிரிவு. யோமன்ரிங்கிற பழைய குதிரைப்படைப் பேர் மட்டும்தான் மிச்சம்.

எனக்கு மனசை விட்டுப் போகாதது கின்கசேகி, சிங்கப்பூரில் சரணடைஞ்சு கைதியான இவங்களில் சிலரை ஜப்பானியர் வேலை வாங்கின இடம். தைவான் செப்புச் சுரங்கம், சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுபோய் 1942 நவம்பரில் சேர்த்தாங்க. முகாமிலிருந்து மலை ஏறி, அந்தப் பக்கம் படி இறங்கி, அப்புறம் பூமிக்குள்ள இறங்கணும். மண்வெட்டியால் தாதுவைக் கூடையில் வாரி, தண்டவாள வண்டியில் கொட்டித் தள்ளணும். மேலேயிருந்து சொட்டுற தண்ணியில் அமிலம், பட்ட இடம் புண். வண்டிக் கணக்கு குறைஞ்சா வேலை முடியிற நேரம் வரிசையில் நிறுத்தி சுத்தியலாலேயே அடி. வாங்கிட்டு அதே மலையைத் திரும்ப ஏறணும்.

பழையஅட்டை:
எல்லாரும் தைவான் போகலை. சயாம் ரயில்பாதைக்குப் போனவங்களும் உண்டு, நம்ம தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்த அதே பாதை.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். இந்தப் படை ஆட்களோட பதிவைத் தேடப்போறவங்க முதல்ல 155ஆவது ரெஜிமென்ட்டா 156ஆன்னு பாருங்க. அதே யோமன்ரியிலிருந்து பிரிஞ்ச 156 மலாயாவுக்கே வரலை, இத்தாலியில் சண்டை போட்டது. அடுத்து, ஜப்பானியர் எழுதின கைதி அட்டைகள். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 345ங்கிற கோப்பு வரிசையைக் கேளுங்க. விடுதலையானப்போ நிரப்பின கேள்வித்தாள் டபிள்யூ.ஓ. 344. அட்டையில் பிடிபட்ட தேதி 17, 2, 15ன்னு இருக்கும். 1915 பிப்ரவரி 17ன்னு படிச்சு, முதல் உலகப்போர் ஆள்னு ஒதுக்கிடாதீங்க. வருஷம்தான் முதல்ல வரும், அதுவும் ஷோவா வருஷம், ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ ஆட்சிக் கணக்கு. 17ஓட 1925ஐக் கூட்டினா 1942, அப்போ தேதி 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்த நாள். அட்டைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தா, அவர் கைதியாவே இறந்துட்டார்னு அர்த்தம், அந்த ஆளுக்குக் கேள்வித்தாளைத் தேட வேண்டாம்.