டூம் பேட்ரோல் காமிக்ஸை எங்கிருந்து தொடங்குறது? கையில இருக்கிறது 2016 வரிசை, தலையும் புரியல வாலும் புரியல

சிப்புட்_கிராணி:
எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஆபீஸ்ல கிராணி, அதாவது கிளார்க். கே.எல்.ல (கோலாலம்பூர்ல) இருக்கிற அத்தை மகன் வீடு மாறினப்போ ஒரு பெட்டி இங்கிலீஷ் காமிக்ஸை என் தலையில கட்டிட்டான். பேட்மேன், ஸ்பைடர்மேன் எல்லாம் எனக்குப் பழக்கம்தான், அதுல ஒரு தொல்லையும் இல்ல. சிக்கல் எல்லாம் டூம் பேட்ரோல்ங்கிற இந்த சூப்பர் ஹீரோ குழுவோட கதையிலதான்.

பெட்டியில இருந்தது 'பிரிக் பை பிரிக்'. ஜெரார்ட் வே எழுதி நிக் டெரிங்டன் வரைஞ்சது, 2016ல ஆரம்பிச்ச வரிசையோட முதல் ஆறு இதழ். படம் கண்ணைப் பறிக்குது. ஆனா கதை? கேஸி-ன்னு ஒரு பொண்ணு ஆம்புலன்ஸ் ஓட்டுது. ரொட்டியில சுத்தின இறைச்சிக்குள்ள ஒரு தனி உலகம், அதுக்குள்ள ஒரு இரும்பு மனுசன் சண்டை போடுறான். அப்புறம் ஆம்புலன்ஸுக்கே உயிர் இருக்குங்கிறாங்க, பேரு டேனியாம். மத்தவங்க எல்லாம் இந்த டேனியை நேத்தே பார்த்துப் பேசின மாதிரி நடந்துக்கிறாங்க. கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிஞ்சப்புறம் போய் நின்ன கதையா இருக்கு எனக்கு.

இதை வச்சு எடுத்த டிவி சீரியலை நான் பார்க்கல. இதுக்கு முன்னாடி எதைப் படிக்கணும்? 1963லேர்ந்து எல்லாத்தையும் படிச்சாத்தான் புரியும்னா இப்பவே சொல்லிடுங்க, பெட்டியை மூடி வைக்கிறேன்.

காகிதக்கப்பல்:
பெட்டியை மூட வேண்டாம். நேரா 1987 வரிசையோட 19வது இதழுக்குப் போங்க. 1989 பிப்ரவரி தேதி போட்டது. கிராண்ட் மாரிசன் எழுத ஆரம்பிச்சது அந்த இதழ்லதான், படம் ரிச்சர்ட் கேஸ். அங்கேர்ந்து 63வது இதழ் வரைக்கும் மாரிசன்தான். உங்க கையில இருக்கிற 2016 வரிசை அந்தக் கதைகள் மேல ஏறி நிக்குது. டேனி யாருன்னு அங்க போனாத்தான் தெரியும்.

19ல ஏன் தொடங்கலாம்னா, பழைய குழு அப்போ சிதறிப் போச்சு. ஒருத்தர் ஆஸ்பத்திரியில, ஒருத்தர் கோமாவுல, இன்னொருத்தர் இந்த வேலையே வேண்டாம்னு ஒதுங்கிட்டார். ரோபோட்மேன் கிளிஃப் ஸ்டீல் மனநல மருத்துவமனையில கிடக்கிறான். மூளை மட்டும்தான் மனுசன், மீதி எல்லாம் இரும்பு. பார்க்க வர்ற டாக்டர் மேக்னஸ் கிட்ட, இந்த உடம்புல எதையும் உணர முடியலைன்னு புலம்புறான். அதே இடத்துலதான் ஜேனைச் சந்திக்கிறான். அவளுக்குள்ள 64 ஆளுமை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சக்தி. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா கிளிஃப்புக்கும் பாதி தெரியாது. அவன் கூடவே நடந்து போயிடலாம்.

முதல் கதையில கத்தரிக்கோல் கைகளோட சிலர் வருவாங்க. ஆளுங்களை நிஜத்துலேர்ந்து வெட்டி எடுத்துடுவாங்க, பின்னாடி ஆள் வடிவத்துல ஓட்டை மட்டும் இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் நீங்களே முடிவு பண்ணிடுவீங்க, இது உங்களுக்கான புத்தகமா இல்லையான்னு.

புத்தகமா வாங்கினா 'புக் ஒன்' (19லேர்ந்து 34), 'புக் டூ' (35லேர்ந்து 50), 'புக் த்ரீ' (51லேர்ந்து 63). பழைய பதிப்பு ஆறு புத்தகமா இருக்கும், அதுல முதலாவது 'க்ராலிங் ஃப்ரம் த ரெக்கேஜ்'. ரெண்டு பதிப்பையும் கலந்து வாங்கினா ஒரே கதைக்கு ரெண்டு தடவை காசு போகும், அட்டையில இதழ் எண் பார்த்து வாங்குங்க.

மாயாவி_ரசிகன்:
தம்பி சொல்றது சரிதான், ஆனா வேரை விட்டுட்டு எப்படி? எங்க காலத்துல தோட்டத்துக்கு முத்து காமிக்ஸ் வந்தா லயம் (தோட்டத்து வரிசை வீடுங்க) முழுக்கக் கைமாறிக் கைமாறி அட்டை கிழிஞ்சுதான் எனக்கு வரும். இரும்புக்கை மாயாவியைப் படிச்சு வளர்ந்தவனுக்கு ரோபோட்மேன் சொந்தக்காரன் மாதிரி. மாயாவி 1962ல இங்கிலாந்துல வந்தவன். கிளிஃப் 1963 ஜூன்ல, 'மை கிரேட்டஸ்ட் அட்வெஞ்சர்' 80வது இதழ்ல. விபத்துல மாயாவிக்குப் போனது ஒரு கை, இவனுக்கு முழு உடம்பு.

அந்த 80வது இதழைப் படிச்சுப் பாருங்க. கார் பந்தயக்காரன் கிளிஃப், விமானி லாரி, நடிகை ரீட்டா, சக்கர நாற்காலியில குழுத் தலைவர் சீஃப். ஆர்னால்ட் டிரேக்கும் பாப் ஹேனியும் எழுத, புரூனோ பிரமியானி வரைஞ்சது. சக்கர நாற்காலித் தலைவரோட வந்த இன்னொரு குழு எக்ஸ்-மென், அது வந்தது அதே வருசம் செப்டம்பர்ல. யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு இன்னைக்கும் அடிச்சுக்கிறாங்க, நமக்கு அது வேண்டாம்.

காகிதக்கப்பல்:
அண்ணே, நான் மறுக்கல. ஆனா 80லேர்ந்து 121 வரைக்கும் வரிசையா உட்கார்ந்து படிக்கச் சொன்னா இவர் பாதியிலேயே தூங்கிடுவார். அந்தக் காலத்துக் கதையில ஒவ்வொரு பக்கத்துலயும் ஆளுங்க என்ன செய்றோம்னு தாங்களே விளக்கிட்டிருப்பாங்க. முதலும் கடைசியும் போதும்.

மாயாவி_ரசிகன்:
கடைசி இதழ் போதும்னு சொன்னீங்களே, அதுக்கே ஒரு டீ வாங்கித் தரணும் உங்களுக்கு. 1968ல 121வது இதழ். விற்பனை விழுந்து பத்திரிகையை நிறுத்துறாங்க. கதைக்குள்ள ஓவியர் பிரமியானியும் ஆசிரியர் மர்ரே போல்டினாஃபும் நேரா வாசகர் கிட்டயே பேசுறாங்க. வில்லன் ஒரு நிபந்தனை வைக்கிறான்: ஒரு சின்ன மீன்பிடி கிராமத்துல இருக்கிற 14 பேர் சாகணும், இல்லாட்டி நீங்க நாலு பேர் சாகணும். நாலு பேரும் சாகிறாங்க. அந்த 14 பேர்ல ஒருத்தரைக் கூட அவங்களுக்குத் தெரியாது. சூப்பர்மேன், பேட்மேன் புத்தகத்துல அப்போ நினைச்சுப் பார்க்க முடியாத முடிவு அது. கிளிஃப்பை மட்டும் 1977ல மீட்டுக் கொண்டு வந்தாங்க. 19வது இதழ்ல அவன் ஏன் அவ்வளவு உடைஞ்சு போயிருக்கான்னு கேட்டா, இதுவும் ஒரு காரணம்.

சிப்புட்_கிராணி:
நன்றி. அப்போ 80, 121, அப்புறம் 1987 வரிசையில 19. சரியா? நடுவுல 1987 வரிசையோட முதல் 18 இதழ் என்ன ஆச்சு?

காகிதக்கப்பல்:
பால் குப்பர்பெர்க் எழுதினது. விட்டுடலாம். சாதாரண சூப்பர் ஹீரோ கதை, மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்க கேள்விக்கு அதுல பதில் இல்ல. தேவையானதை 19ஆம் இதழே போற போக்குல சொல்லிடும்.

டேனி பத்திக் கேட்டீங்களே, அதுக்கு 35வது இதழ். டேனி அங்க ஆம்புலன்ஸ் இல்ல, ஒரு தெரு. உயிருள்ள தெரு. ராத்திரியில ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போய், ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல சத்தமில்லாம நுழைஞ்சு உட்கார்ந்துக்கும். பேசுறது கடைப் பலகை எழுத்து, ஜன்னல் விளம்பரம் வழியா. உலகம் ஒதுக்கின ஆளுங்களுக்கு அங்க இடம் உண்டு. இதைப் படிச்சிட்டு 'பிரிக் பை பிரிக்' எடுங்க, அந்த ஆம்புலன்ஸைப் பார்த்ததும் சிரிப்பீங்க.

செம்மண்_சாலை:
நான் சீரியல் பார்த்துட்டுத்தான் வந்தேன். 2019லேர்ந்து 2023 வரைக்கும் 4 சீசன். பாதிக்கு மேல மாரிசன் கதைதான். ஒண்ணு மட்டும்: சீரியல்ல வர்ற சைபோர்க்கைத் தேடிப் பழைய காமிக்ஸைப் புரட்டாதீங்க. அவர் 1980ல டீன் டைட்டன்ஸ்ங்கிற வேற குழுவுக்குன்னு வந்த ஆள், சீரியலுக்காக இங்க சேர்த்தாங்க. பீஸ்ட் பாய் அதுக்கு நேர்மாறு. சின்னப் பிள்ளைங்க கார்ட்டூன்ல பார்க்கிற அந்தப் பச்சைப் பையன் முதல்ல வந்ததே டூம் பேட்ரோல் 99வது இதழ்ல, 1965ல.

அப்புறம் 57வது இதழ்ல சீஃப் பத்தி ஒரு விசயம் வரும் பாருங்க, அவர்தான் இவங்க எல்லாரோட

காகிதக்கப்பல்:
நிறுத்துங்க! மனுசன் இன்னும் புத்தகமே வாங்கல.

செம்மண்_சாலை:
சரி சரி, வாயை மூடிக்கிறேன். சீரியலை மட்டும் முதல்ல பார்த்துடாதீங்க, அங்க இதைச் சீக்கிரமே உடைச்சிடுறாங்க.

சிப்புட்_கிராணி:
நல்ல வேளை. இன்னொண்ணு: அக்கா மகனுக்கு 11 வயசு, பீஸ்ட் பாய்னா உயிரு. 'புக் ஒன்' வீட்டுக்கு வந்தா முதல்ல பிடுங்கிறது அவன்தான். கொடுக்கலாமா?

மல்லிகைப்பந்தல்:
கொடுக்காதீங்க தம்பி. நான் ஆசிரியை, அதுக்காகச் சொல்லல, இந்தப் புத்தகத்தைப் படிச்சவள்னு சொல்றேன். 30வது இதழ்ல கிளிஃப் ஜேனோட மனசுக்குள்ளயே இறங்கிப் போறான். அவளுக்கு ஏன் அத்தனை ஆளுமைன்னு அங்க தெரியும். சின்ன வயசுல அப்பா செஞ்ச கொடுமை. ரொம்ப நிதானமா, அசிங்கமில்லாம எழுதியிருக்காங்க, ஆனாலும் 11 வயசுப் பிள்ளை தனியா உட்கார்ந்து படிக்கிற விசயமில்ல. பின்னாடி வர்ற இதழ்கள் பெரியவங்களுக்குன்னே போட்டதுதான். பையனுக்கு 1960கள் கதையை எடுத்துக் கொடுங்க. இவங்க தூக்கம் வரும்னு சொன்ன அதே கதைகள்தான், அந்த வயசுக்குப் பிடிக்கும். பேசும் கொரில்லாவும் கண்ணாடிக் குடுவையில மூளையும் வில்லனா வந்தா எந்தப் பையனுக்குத் தூக்கம் வரும்?

மாயாவி_ரசிகன்:
டீச்சரம்மா, நல்லாச் சொன்னீங்க.

ஈப்போ_வெள்ளைக்காப்பி:
யாரும் நம்ம ஊர்க்காரரைப் பத்திப் பேசலையே! 2001லேர்ந்து 2003 வரைக்கும் 22 இதழ் வந்துச்சு, ஜான் அர்குடி எழுதினது. வரைஞ்சவர் டான் எங் ஹுவாட், மலேசியர். அந்த வேலைக்காக 2002ல புதுசா வர்ற காமிக்ஸ் கலைஞர்களுக்குத் தர்ற ரஸ் மேனிங் விருதும் வாங்கினார். கதையில 'டூம் பேட்ரோல்'ங்கிற பேரையே ஒரு பணக்காரன் சொந்தமா வச்சிக்கிட்டு, கிளிஃப்போட நாலு இளசுங்களைக் கூட்டுச் சேர்த்து விடுவான். ஆளுங்க கை கால் முறுக்கி நிக்கிறதைப் பாருங்க, அமெரிக்கக் காமிக்ஸ்ல அப்போ வேற யாரும் அப்படி வரையல. இதுல தொடங்கச் சொல்லல. மாரிசன் முடிஞ்சப்புறம் தனி இதழா எங்காவது கிடைச்சா விட்டுடாதீங்க.

சிப்புட்_கிராணி:
நம்ம நாட்டுக்காரரா! இதைச் சொல்லித்தான் அத்தை மகனை வெறுப்பேத்தணும். கடைசிக் கேள்வி, வாங்குறது எப்படி? எங்க டவுன்ல புத்தகக் கடைன்னா பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம்தான். எல்லாம் ஒண்ணா ஒரே தடிப் புத்தகமா வந்திருக்காமே?

ஈப்போ_வெள்ளைக்காப்பி:
வந்திருக்கு, ஆம்னிபஸ். ஆயிரம் பக்கத்துக்கு மேல. படுத்துக்கிட்டுப் படிச்சா மூக்கு உடையும். தபால்ல வரும்போது முனை நசுங்கினா அவ்வளவு காசும் வயித்தெரிச்சல். 'புக் ஒன்' மட்டும் முதல்ல வாங்குங்க, பிடிச்சா மீதி. சிப்புட்லேர்ந்து இ.டி.எஸ். ரயில் ஏறினா கே.எல். சென்ட்ரல், அங்கேர்ந்து எல்.ஆர்.டி. ரயில்ல கே.எல்.சி.சி. அங்க கினோகுனியா புத்தகக் கடையில காமிக்ஸ் பகுதி பெரிசு. போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுடுங்க, இந்த மாதிரிப் புத்தகம் எப்பவும் அலமாரியில இருக்காது. பிக் பேட் உல்ஃப் புத்தக விற்பனை நடந்தா அங்கயும் ஒரு பார்வை. நான் ஒரு டூம் பேட்ரோல் தொகுப்பு அங்கதான் எடுத்தேன், சமையல் புத்தகக் குவியலுக்கு அடியில கிடந்துச்சு.

செம்மண்_சாலை:
தபால்ல வாங்கினா லயத்து வீட்டு முகவரி போடாதீங்க, தோட்டத்து ஆபீஸ் முகவரி போடுங்க. நீங்கதான் கிராணி ஆச்சே, பார்சல் உங்க மேசைக்கே வந்துடும்.

சிப்புட்_கிராணி:
மேனேஜர் மேசைக்குத்தான் முதல்ல போகும், அவரும் காமிக்ஸ் பைத்தியம். 'புக் ஒன்' ஆர்டர் போட்டாச்சு. பையனுக்கு 60கள் தொகுப்பு, அதுக்கு அக்கா காசு தர்றேன்னு சொல்லிட்டாங்க. 22வது இதழ் தாண்டினதும் வந்து எழுதுறேன், அதுவரைக்கும் 57 பத்தி யாரும் பேச வேண்டாம்.