டிரைசூட் வாங்க வேண்டும்: நியோபிரீனா, மெம்பிரேனா? அவசரம்

நீலன்77 (செவ்வாய், இரவு 10:42)
வணக்கம். குளிர்ந்த கடலில் சுழியோட டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) ஒன்று வாங்கப் போகிறேன். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது: ஒன்று புதிய நியோபிரீன், மற்றது ஒருவர் பாவித்த மெம்பிரேன். விலை ஏறக்குறைய ஒன்றுதான். போனமுறை வாடகைக்கு எடுத்த உடையில் நனைந்துபோனேன், குளிர் தாங்கவில்லை. நியோபிரீன்தான் சூடு என்று கடையில் சொல்கிறார்கள். எதை எடுப்பது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்தவாங்கர் சிவா (செவ்வாய், இரவு 10:58)
எங்கே இறங்குகிறீர்கள்? எந்த மாதம்? எவ்வளவு ஆழம்? கரையிலிருந்தா, படகிலிருந்தா? உங்கள் உயரம், எடை என்ன? வாடகை உடை எந்த வகை?

தையலூசி (செவ்வாய், இரவு 11:05)
எங்கே நனைந்தது? அதைச் சொல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. என் கணிப்பு ஜிப். நான் பார்த்த வாடகை உடைகள் பல ஜிப்பில்தான் கசிந்தன. முதுகில் தோளுக்குத் தோள் போகும் பித்தளை ஜிப்பாக இருந்தால் மடிந்த இடத்தில் பல் விலகியிருக்கும்.

வடகடல் (செவ்வாய், இரவு 11:31)
இந்தக் கேள்வி ஆண்டுதோறும் குளிர்காலம் தொடங்கும்போது வந்துவிடுகிறது. தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்கள் 4 பாகைத் தண்ணீரில் எப்படிப் பொறுமையாக இருப்பார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. தம்பி, டிரைசூட் பயிற்சி எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் உடையைப் பற்றிய பேச்சே வேண்டாம். உடைக்குள் ஊதிய காற்று காலுக்குப் போய்த் தலைகீழாக மேலே இழுக்கப்படும்போது எந்த நிறுவனத்தின் உடை என்பது உதவாது.

குளிர்தாங்கி (புதன், காலை 7:12)
எந்த உடை என்பது இரண்டாம் பட்சம். உடைக்குள் காற்றுக்குப் பதிலாக ஆர்கன் வாயு ஊதிப் பாருங்கள். காற்றோடு ஒப்பிட்டால் ஆர்கன் கடத்தும் வெப்பம் மூன்றில் இரண்டு பங்குதான். சிறிய சிலிண்டர் ஒன்று பக்கவாட்டில் கட்டினால் போதும், குளிர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆழி (புதன், காலை 8:20)
தம்பி நீலன், கடையில் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நியோபிரீன் என்பது நுரை ரப்பர். அதன் கண்ணறைகளில் அடைபட்ட வாயுதான் உங்களுக்குச் சூடு தருகிறது. 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு, ஆகவே அந்தக் குமிழிகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. கரையில் தடிப்பாக இருந்த உடை கீழே மெலிந்துவிடும். எங்கே குளிர் அதிகமோ அங்கேதான் அதன் சூடு குறைகிறது. மிதப்பும் கூடவே குறையும். ஆனால் உடலோடு ஒட்டி நிற்கும், நீந்த இலகு, உள்ளே தண்ணீர் புகுந்தாலும் ஓரளவு காப்பாற்றும். காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஓட்டை விழுந்தால் முழுவதும் காய்ந்த பிறகுதான் ஒட்ட முடியும்.

மெம்பிரேன் என்பது நைலோனுக்கும் பாலியெஸ்டருக்கும் நடுவில் பியூட்டைல் ரப்பர் வைத்த மூன்றடுக்குத் துணி. அதற்குச் சொந்தமாகச் சூடே கிடையாது. அது ஒரு மழைச்சட்டை, அவ்வளவுதான். சூடு முழுவதும் நீங்கள் உள்ளே போடுவதிலிருந்து வர வேண்டும். அதனால்தான் ஆழம் மாறினாலும் அதன் நடத்தை மாறாது. கோடையில் சதுர மீட்டருக்கு 200 கிராம் துணியில் உள்ளுடை, குளிர்காலத்தில் 400 கிராம் என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் நசுக்கிய நியோபிரீன் என்று ஒன்று இருக்கிறது. நுரையை முன்கூட்டியே அழுத்தி வைத்திருப்பதால் கீழே போய் மெலியாது, நன்றாக உழைக்கும். விலையும் எடையும் கூடுதல்.

ஆகவே என் கேள்வி ஒன்றே: அன்று உள்ளே என்ன போட்டிருந்தீர்கள்?

பேர்கன்வாசி (புதன், காலை 9:02)
குளிர்தாங்கி, ஆர்கன் கணக்கு தாளில் சரியாக இருக்கிறது. தண்ணீரில் பலிக்கவில்லை. 2001இல் நோர்வே ஆய்வாளர்கள் சுழியோடிகளை வைத்தே ஒப்பிட்டுப் பார்த்தார்கள், காற்றுக்கும் ஆர்கனுக்கும் வேறுபாடு காணவில்லை. உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றாமல் ஆர்கன் ஊதினால் கிடைப்பது வெறும் கலவை. இன்னொன்று: அந்தச் சிலிண்டரில் மூச்சு விடும் வாய்க்கருவியை ஒருபோதும் மாட்டக் கூடாது. ஆர்கனை மட்டும் சுவாசித்தால் நினைவு தப்பும். புதிதாக வருபவரிடம் இதைச் சொல்லாமல் சிலிண்டரை மட்டும் பரிந்துரைப்பது ஆபத்து.

மட்டக்களப்பான் (புதன், காலை 11:40)
நண்பர்களே, இங்கே எங்கள் கடலில் 28 பாகை. மெல்லிய வெட்சூட்டே அதிகம். நீங்கள் எல்லாம் எதற்காக அந்தப் பனிக்கட்டித் தண்ணீரில் இறங்குகிறீர்கள்? இங்கே வாருங்கள், ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல்.

ஸ்தவாங்கர் சிவா (புதன், நண்பகல் 12:15)
அதே ஏப்ரல் 9, 1940இல்தான் இங்கே நோர்வேயில் த்ரொபாக் நீரிணையில் ஜெர்மானியர்களின் போர்க்கப்பல் புளூச்சர் மூழ்கியது. ஹேர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே, புளூச்சர் 90 மீட்டர் அளவில். இரண்டுமே சாதாரணப் பயிற்சிக்கு எட்டாதவை. இங்கே இறங்குவதற்குக் காரணம் தெளிவுதான், நண்பரே: கோடைப் பாசி அடங்கிய பின் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். ஒருமுறை பார்த்தால் குளிர் மறந்துபோகும்.

நீலன்77 (புதன், இரவு 9:50)
எல்லோருக்கும் நன்றி. த்ரொபாக்கில்தான் இறங்கினேன், கரையிலிருந்து, 18 மீட்டர். பயிற்சி எடுத்திருக்கிறேன், வடகடல் ஐயா. வாடகை உடை மெம்பிரேன். உள்ளே பருத்தி டீசட்டை, மேலே அவர்கள் தந்த உள்ளுடை. நனைந்தது இடது கை, முதுகும் ஈரமாக இருந்தது. ஜிப் முன்பக்கம் குறுக்காகப் போகும் வகை.

தையலூசி (புதன், இரவு 10:04)
முன்பக்க ஜிப் என்றால் இடது கை நனைய வேறு காரணம் இருக்க வேண்டும். நான் சொன்ன ஜிப் கதையை விட்டுவிடுவோம். மேற்கையில் இருக்கும் காற்று வெளியேற்றும் வால்வா, மணிக்கட்டில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் பட்டையான சீலா? ஈரம் தோளிலிருந்து கீழே இறங்கியதா, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறியதா? வால்வுக்குள் ஒரு மணலோ நூலோ சிக்கினாலும் காற்று விடும் ஒவ்வொரு முறையும் சிறிது தண்ணீர் உள்ளே வரும். அப்படி என்றால் அக்குள் நனைந்திருக்கும்.

வடகடல் (புதன், இரவு 10:20)
பருத்தி! பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்வார்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி உடம்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளி உள்ளாடை இந்த நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதைத் தெரியாமல் உடைக்குப் பணம் செலவழிப்பது வீண்.

நீலன்77 (புதன், இரவு 10:26)
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அக்குள் உலர்ந்தே இருந்தது.

ஆழி (புதன், இரவு 10:41)
அந்தக் கையில் என்ன பிடித்திருந்தீர்கள்?

நீலன்77 (புதன், இரவு 10:44)
டார்ச்.

ஆழி (புதன், இரவு 11:10)
காரணம் அகப்பட்டுவிட்டது. உங்கள் இடது உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். மணிக்கட்டின் உட்புறம் இரண்டு நரம்புக் கயிறுகள் எழும்பி நிற்கும், அவற்றின் நடுவில் ஒரு பள்ளம் விழும். லேடெக்ஸ் சீல் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம்போல் கிடக்கும், அடியில் தண்ணீர் போகும். மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். டார்ச்சை இறுகப் பிடித்தபடி 40 நிமிடம் நீந்தினால் சட்டைக்கை முழங்கை வரை நனையாமல் என்ன செய்யும்?

லேடெக்ஸ் சீலைக் கையின் மேற்பக்கமாக, எலும்பு முடிச்சைத் தாண்டி நகர்த்திப் போடுங்கள். அங்கே சதை இருக்கிறது, பள்ளம் விழாது. டார்ச்சைப் பிடிக்காமல் புறங்கையில் கட்டும் பட்டை வாங்குங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் வளையத்தோடு பூட்டும் உலர் கையுறை. விரல்களும் சூடாக இருக்கும். சீலுக்கு அடியில் ஒரு மெல்லிய நூல் கயிறு கிடந்தால் உடையின் காற்று கையுறைக்கும் போகும், விரல் நசுங்காது. ஆனால் கையுறை கிழிந்தால் அதே வழியாகத் தண்ணீரும் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

முதுகு ஈரம் கசிவல்ல என்றே நினைக்கிறேன். முழு உடையும் சிலிண்டரும் போட்டுக்கொண்டு வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து நடந்திருப்பீர்கள். அந்த வியர்வை குளிர்ந்த துணியின் உட்புறத்தில் படிந்து திரும்ப உங்கள் மேல் இறங்குகிறது.

குளிர்தாங்கி (வியாழன், காலை 6:55)
நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே. உப்பு என்றால் கடல்.

தையலூசி (வியாழன், காலை 7:30)
வியர்வையும் உப்புத்தான். ஈரம் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் சாட்சி. கசிவு ஒரு கோடாக ஓடும். வியர்வை பரவலாக இருக்கும்.

வடகடல் (வியாழன், காலை 9:15)
இவ்வளவு பேசியும் முக்கியமானதை யாரும் சொல்லவில்லை. எந்த உடை எடுத்தாலும் நசுக்கல், அதாவது தண்ணீரின் அழுத்தம் உடையை உடம்போடு இறுக்குவது, நீங்கும் அளவுக்கு மட்டும் உடைக்குள் காற்று விட வேண்டும். மிதப்பைச் சரிசெய்வது முதுகில் உள்ள மிதவைச் சட்டையால்தான். உடையால் மிதப்பவர்கள் விபத்தை முதுகில் சுமந்துகொண்டு போகிறார்கள்.

பேர்கன்வாசி (வியாழன், காலை 9:48)
இதை நான் ஏற்கவில்லை. ஒற்றைச் சிலிண்டரும் சரியான ஈய எடையும் என்றால் நசுக்கல் நீக்கும் காற்றே மிதப்புக்கும் ஏறக்குறையப் போதும். ஒரே இடத்தில் காற்றைக் கையாள்வது புதியவருக்கு எளிது. ‘பாடி’ (PADI) என்ற சுழியோடி அமைப்பின் டிரைசூட் பயிற்சியில் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். இரட்டைச் சிலிண்டர் கட்டி ஆழம் போகிறவர்களின் விதியை 18 மீட்டர் சுழியோடி மேல் சுமத்த வேண்டாம்.

வடகடல் (வியாழன், காலை 10:02)
பயிற்சி நூலில் இருப்பதெல்லாம் வேதமல்ல. உடைக்குள் இருக்கும் காற்று கால்வரை ஓடும். மிதவைச் சட்டையின் காற்று அப்படி ஓடாது. பதற்றத்தில் ஒருவன் எதை முதலில் அழுத்துவான் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

பேர்கன்வாசி (வியாழன், காலை 10:20)
நானும் பார்த்திருக்கிறேன். மேலே வரும்போது இரண்டு இடத்தில் காற்றுவிட மறந்து தடுமாறியவரைத்தான் பார்த்தேன். காற்று அதிகமாவதற்கு மூல காரணம் ஈயம் அதிகமாவது. நான்கு கிலோ கூடுதலாகக் கட்டினால் அதைத் தூக்க நான்கு லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். அந்த நான்கு லிட்டர்தான் அலைகிறது.

ஸ்தவாங்கர் சிவா (வியாழன், பிற்பகல் 1:05)
எடை விஷயத்தில் இருவரும் ஒன்றே சொல்கிறீர்கள். நீலன் தம்பி இன்னும் உயரமே சொல்லவில்லை. பாவித்த உடை அளவுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் எனக்கு முதற்கேள்வி. உள்ளுடை போட்டுக்கொண்டு குந்தி உட்கார முடிய வேண்டும். இரு கைகளையும் தலைக்குப் பின்னே கொண்டுபோய்ச் சிலிண்டர் வால்வைத் தொட முடிய வேண்டும். ஒட்டிய பூட்ஸ் பெரிதாக இருந்தால் காற்று அங்கே தேங்கி நீந்துதுடுப்பே கழன்று போகும்.

தையலூசி (வியாழன், மாலை 6:30)
பாவித்த உடையைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். விற்பவரின் வீட்டிலேயே செய்யலாம். மணிக்கட்டு சீல் ஒவ்வொன்றிலும் ஒரு போத்தலைச் செருகுங்கள், கழுத்தில் பொருத்தமான பந்து. வெளியேற்றும் வால்வை இறுக மூடி, ஊதும் குழாயால் உடையை உப்ப வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தையல் ஓரமாகப் பஞ்சால் தடவுங்கள். ஓட்டை இருந்தால் நுரை பூத்து வரும். முழங்கால், தொடைச்சந்து, ஜிப்பின் இரு முனைகள், இவற்றில் கண் இருக்கட்டும்.

லேடெக்ஸை மெல்ல இழுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ அதன் காலம் முடிந்தது. வெயிலும் ஓசோனும் எண்ணெயும் அதற்கு எதிரிகள். அதற்காகப் பயப்பட வேண்டாம், சீல் என்பது மாற்றுவதற்கென்றே உள்ள பாகம். விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஜிப் அப்படியல்ல, மாற்றுவது பெருஞ்செலவு. சிலிக்கோன் சீல் மென்மையானது, ஆனால் பசை ஒட்டாது, வளையம் பொருத்திய உடைக்குத்தான் போடலாம். கழற்றி மாட்ட ஐந்து நிமிடம்.

ஆழி (வியாழன், இரவு 8:12)
த்ரொபாக்கில் கரையிலிருந்து ஆண்டு முழுவதும் இறங்கப் போகிறீர்கள் என்றால் மெம்பிரேன் என்பேன். ஓகஸ்டில் மேலே நீச்சல் குளம்போல் இருக்கும், கீழே இறங்கினால் சட்டென்று குளிர்ந்துவிடும். உள்ளுடையை மாற்றி அதைச் சமாளிக்கலாம், நியோபிரீனில் அது கடினம். ஆனால் அந்தப் பழைய உடை பொருந்தாவிட்டால் இது எதுவும் பொருட்டல்ல. பொருந்தும் நியோபிரீன் பொருந்தாத மெம்பிரேனைவிட நல்லது. மிச்சப் பணத்தை நல்ல உள்ளுடையில் போடுங்கள். உடைக்கு வாரி இறைத்துவிட்டு உள்ளே கிடைத்ததைப் போட்டுக்கொண்டு நடுங்கிய பலரை நான் கரையேற்றியிருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

வடகடல் (வியாழன், இரவு 9:00)
ஆழி அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மிதப்பு விஷயத்தில் இருக்கிறது.

பேர்கன்வாசி (வியாழன், இரவு 9:07)
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நான் வருகிறேன்.

நீலன்77 (ஞாயிறு, மாலை 5:33)
மெம்பிரேனை எடுத்துவிட்டேன். பொருந்தியது. சோப்புச் சோதனையில் வலது முழங்காலுக்குக் கீழே தையலில் குமிழி வந்தது, விற்றவரே பார்த்துவிட்டு விலை குறைத்தார். கழுத்து சீல் பிசுபிசுத்தது, அதையும் தையலையும் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். கம்பளி உள்ளாடை வாங்கியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

ஸ்தவாங்கர் சிவா (ஞாயிறு, இரவு 7:10)
மகிழ்ச்சி. பூட்ஸ் எப்படி? முதல் இறக்கத்தில் எவ்வளவு ஈயம் கட்டினீர்கள் என்று பிறகு எழுதுங்கள். சிலிண்டரில் 50 பார் அழுத்தத்தில் காற்று மிச்சமிருக்கும்போது 3 மீட்டரில் நிலையாக நிற்க முடிகிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

கடற்குதிரை (புதன், காலை 8:45)
நீலன், அந்தப் புதிய நியோபிரீன் இன்னும் கடையில் இருக்கிறதா? என்ன அளவு? நான் 168 செ.மீ. கோடையில் மட்டும்தான் இறங்குகிறேன், 10 மீட்டரைத் தாண்டுவதில்லை.