பிறந்ததிலிருந்து தொடரும் ஆய்வில் குழந்தையைச் சேர்க்கலாமா?

ஏழாம்மாதம்:
வணக்கம். பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு பெண் வந்து பேசினார். குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தம் கொஞ்சம் எடுத்து வைப்பார்களாம். அப்புறம் எடை, உயரம், கேள்வித்தாள் என்று 18 வயது வரை வந்துகொண்டே இருப்பார்களாம். மருந்து, ஊசி எதுவும் கிடையாதாம். எல்லாம் சரி, ஒரு தடவை எடை பார்த்தால் போதாதா? எதற்கு இத்தனை வருடம்? என் பிள்ளைக்கு என்ன லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுப்பலகை:
அப்படி வந்து பேசுகிற வேலைதான் எனக்கும், வேறோர் ஆய்வில். முதலில் லாபத்தைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எடை ஏறவில்லை, காது மந்தம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் மருத்துவரிடம் அனுப்புவோம், அவ்வளவுதான். இதை மறைத்து ஆள் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

ஏன் இத்தனை வருடம் என்பதற்கு டெல்லி ஆய்வைப் பாருங்கள். 1969 முதல் 1972 வரை அங்கே ஒரு பகுதியில் பிறந்த எட்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே அளந்தார்கள். அவர்களில் 1,492 பேரை 26–32 வயதில் தேடிப் பிடித்துச் சர்க்கரை பார்த்தார்கள். முடிவு 2004-இல் வந்தது. கைக்குழந்தையில் ஒல்லியாக இருந்து, பிறகு விறுவிறுவென்று சதைபோட்டவர்களிடம் சர்க்கரை நோயும் அதற்கு முந்தைய நிலையும் அதிகம். ஆனால் 12 வயதில் அவர்களில் யாருக்கும் உடல்பருமன் இல்லை! அன்றைக்கு மட்டும் எடை பார்த்திருந்தால் ‘நன்றாக இருக்கிறான்’ என்று அனுப்பியிருப்பார்கள். வளர்ச்சிக்கோடு எப்படி ஏறியது என்று பார்த்ததால்தான் பிடிபட்டது.

அதனால்தான் அளப்பதில் எங்களுக்கு அவ்வளவு பிடிவாதம். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்துத்தான் அளப்போம். ஒருவர் தலையைப் பலகையின் மேல்முனையில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி, நகரும் கட்டையைக் குதிகாலோடு சேர்க்க வேண்டும். பிள்ளை வீறிடும், வில்லாக வளையும், அம்மாவின் முகம் சுருங்கும். ‘அறுபத்திரண்டரை போட்டுக்கோ’ என்று முடித்துவிடத் தோன்றும். அப்படி முடிப்பவர்களின் தாள் காட்டிக்கொடுத்துவிடும்: எல்லா எண்ணும் சுழியிலோ ஐந்திலோதான் முடியும். அதனால் இன்னொருவர் முதல் எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளந்து, மில்லிமீட்டர் வரை ஒத்துப் பார்ப்போம்.

எண்பைத்தியம்:
இந்த ஆய்வுகளில் வரும் தொடர்பையெல்லாம் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு எடையும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைவு என்று பிரிட்டனின் பிரிஸ்டல் ஆய்வில் தெரிந்தது. அங்கே வசதியான வீடுகளில்தான் தாய்ப்பால் அதிகம் கொடுக்கிறார்கள். பிரேசிலின் பெலோட்டாஸில் அப்படி வசதியோடு சேர்ந்து வருவதில்லை. அங்கே அந்த வித்தியாசமும் காணோம். அப்படியானால் அது தாய்ப்பாலால் அல்ல, வசதியால் வந்த வித்தியாசமாக இருக்கலாம். தாய்ப்பால் குடித்தவர்களுக்கு அறிவுத்திறன் மட்டும் இரண்டு இடத்திலும் கூடுதல்.

ஏழாம்மாதம்:
நன்றி அக்கா, நன்றி நண்பரே. நடுவில் நாங்கள் வேறு ஊர் போய்விட்டால்? பிள்ளை வளர்ந்து வேண்டாம் என்றால்?

அளவுப்பலகை:
எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். வளர்ந்ததும் பிள்ளையிடமே தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். ஆனால் ஆட்கள் விலகுவதுதான் எங்களுக்குத் தலைவலி. கஷ்டப்படுகிற குடும்பங்கள்தான் முதலில் விட்டுப்போகும்; மிஞ்சியவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாரும் ஆரோக்கியமாகத் தெரிவார்கள். நியூசிலாந்தின் டனீடன் ஆய்வில் 1972–73-இல் பிறந்த 1,037 பேர். 45 வயதில், உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களையும் பயணச் செலவு கொடுத்து வரவழைக்கிறார்கள். அமெரிக்காவிலோ ஒரு லட்சம் குழந்தைகளைத் தொடரப் போட்ட திட்டத்தை 2014-இல் பாதியிலேயே மூடிவிட்டார்கள். ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா!

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ரத்தம் எங்கே, எத்தனை வருடம் இருக்கும், விலகினால் அதை அழித்துவிடுவார்களா, மரபணுவில் ஏதாவது தெரியவந்தால் உங்களிடம் சொல்வார்களா. கடைசிக் கேள்விக்கு வந்தவர் தடுமாறினால் அன்றைக்குச் சரி சொல்லாதீர்கள், மேலே இருப்பவரை வரச் சொல்லுங்கள். இன்னொன்று, கேள்வித்தாளை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள். எங்களுடையது நாற்பது பக்கம். ராத்தூக்கம் இல்லாத தாயிடம் அத்தனையையும் கேட்பது பாவம் என்று மேலிடத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.