நிலுவையில் உள்ள மாநில மசோதா குறித்து நகர மன்றம் நிலைப்பாடு எடுக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் எங்கள் நகர மன்றம், மாநிலச் சட்டமன்றத்தில் நிலுவையில் உள்ள வீட்டுவசதி மசோதாவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அந்த மசோதாவில் வாக்களிக்கும் உரிமையே இல்லாத மன்றத்துக்கு இதற்கு அதிகாரம் உண்டா?

பதில் 1: உண்டு. மசோதாக்களை ஆதரித்தோ எதிர்த்தோ சட்டமன்றத்தை அணுக நகரங்களுக்கு மாநிலச் சட்டமே இடமளிக்கிறது. ஆனால், மக்கள் வாக்கெடுப்புக்கு வந்துவிட்ட ஒன்றுக்காகப் பொதுப் பணத்தில் பிரசாரம் செய்வதற்கு 1976இல் மாநில உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால், இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

பதில் 2: அதிகாரம் இருக்கிறது, பலன்தான் ஐயத்துக்குரியது. பல நகரங்கள் எதிர்த்தும், ஒற்றை வீட்டுக்கான மனைகளில் கூடுதல் வீடுகள் கட்ட இடமளிக்கும் எஸ்பி 9 மசோதா 2021இல் சட்டமாகிவிட்டது.

பதில் 3: வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது, உள்ளாட்சி மன்றக் கூட்டங்கள் வெளிப்படையாக நடப்பதற்கான கலிபோர்னியாவின் பிரவுன் சட்டத்தின் விதி. அதில் இந்தத் தீர்மானம் இடம்பெற்றிருந்ததா என்று முதலில் பாருங்கள்.